கங்கைகொண்டசோழபுரத்து மதில்

கும்பகோணத்தில் உறவினர் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு நாள் மிச்சமாகிவிட்டால், அதை எங்கே கழிப்பது என்பதற்கு அவ்வூரில் யோசனைகளுக்குக் குறைவில்லை. ஒருவர் சுவாமிமலை என்பார். இன்னொருவர் தாராசுரம் என்பார். எங்களுக்கோ கங்கைகொண்டசோழபுரத்தைப் பார்க்க வேண்டுமென்று நெடுநாளைய ஆசை. "ஐந்து வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பொட்டலில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று சித்தி கேட்டார். கேட்டவர், புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்துக்கொண்டு தாமும் புறப்பட்டுவிட்டார். சித்தப்பா அதற்கு முன்பே வண்டியில் ஏறி அமர்ந்திருந்தார்.

வழியில் அணைக்கரை. கொள்ளிடம் இவ்விடத்தில் இரண்டாகப் பிரிந்து, நடுவே ஒரு தீவை விட்டுக்கொண்டு ஓடுகிறது. அதன் குறுக்கே 1836-ல் கும்பெனியார் ஆட்சியில் ஆர்தர் காட்டன் கட்டியதே கீழணை. குழந்தை மதகுகளை எண்ணத் தொடங்கியது. இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாதாகையால், இருபது வந்தவுடன் மீண்டும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. அந்தக் கணக்குப்படி கொள்ளிடத்துக்கு மதகுகள் முடிவதே இல்லை.

அங்கிருந்து சிறிது தூரம் சென்றதும் மரங்களுக்கு மேலே விமானம் தலைகாட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் நேர்கோடாக வானில் ஏறுவது. மகன் இராஜேந்திரன் எழுப்பிய இது, சற்றே உள்வளைந்து ஏறுகிறது. உயரத்தில் தந்தையினுடையதைவிடக் குறைவுதான். இது பிள்ளையின் பணிவு என்று சொல்பவர்கள் உண்டு. நாங்கள் அந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை. கங்கைக்கரை வரை சேனையை அனுப்பி வென்றவன் நிறுவிய தலைநகர் இது. 1279 வரை, ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு, சோழர்கள் இங்கிருந்தே ஆண்டார்கள். 2004-ல் இக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது.

வடபுறத்துப் படிகளின் அருகே, சண்டேசருக்குச் சிவபெருமான் அருள் செய்யும் சிற்பம் இருக்கிறது. அருகில் உமாதேவி அமர்ந்திருக்க, கீழே கைகூப்பியிருக்கும் தொண்டரின் முடியில் பெருமான் கொன்றைமாலையைச் சுற்றுகிறார். குழந்தை அண்ணாந்து நெடுநேரம் பார்த்தது. "அப்பா தலை வாரி விடுகிறார். அந்தப் பிள்ளை அழாமல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது" என்றது. தலை வாரும் வேளையில் தினந்தோறும் வீட்டை இரண்டாக்குகிற குழந்தையின் வாயிலிருந்து இது வந்ததில் சித்திக்குப் பரம திருப்தி. பாலபிஷேகத்தைக் கெடுத்த தந்தையையே துறந்த பிள்ளைக்கு, இனி நானே தந்தை என்று இறைவன் முன்வந்த கதை அது. அதனால் குழந்தை சொன்னது பெரும்பாலும் சரியென்றே எங்களுக்குத் தோன்றியது.

கோயிலைச் சுற்றி வந்தபோது குழந்தை கேட்டது: "தாத்தா, தஞ்சாவூரில் பெரிய சுவர் இருந்ததே, இங்கே ஏன் இல்லை?"

"அதைத்தான் நீ காலையில் எண்ணிக்கொண்டு வந்தாயே" என்றார் சித்தப்பா.

உண்மைதான். கீழணைக்குக் கல் வேண்டியிருந்தபோது, இக்கோயிலின் கருங்கல் மதிலைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கிழக்கு வாயிலில் கோபுரத்தின் அடிப்பகுதியே இன்று மிஞ்சியிருக்கிறது. ஊரார் தடுக்க முயன்றதையும், அதற்காகத் தண்டிக்கப்பட்டதையும், கல்மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறாமற் போனதையும் 1855-ல் வெளியான ஒரு குறிப்பு எடுத்துரைக்கிறது.

எங்களுக்கு இரத்தம் கொதித்தது. சித்தப்பா மட்டும் அமைதியாக வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். அவருடைய நிலம் தெற்கு ராஜன் வாய்க்காலில் பாசனம் பெறுவது. அவ்வாய்க்கால் கீழணையிலிருந்து பிரிவது.

"கோபப்படுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அணையால்தான் எங்கள் வயலில் நெல் விளைகிறது. நீங்கள் பட்டணத்தில் குடிக்கிற தண்ணீர் எங்கேயிருந்து வருகிறதாம்?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. கீழணையில் தேங்கும் நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குச் செல்கிறது. முதற் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்த ஏரியிலிருந்து 2004 முதல் குழாய் மூலம் சென்னைக்குக் குடிநீர் வருகிறது. அப்படியானால் இராஜேந்திரனின் மதில் எங்கள் வீட்டுக் குடத்தருகிலும் நிற்கிறதென்று சொல்ல வேண்டும்! ஆயினும் அணை வேண்டும் என்பதனால் கோயிலை இடிக்கலாம் என்றாகிவிடுமா? மலையில் கல் இல்லாமற் போகவில்லை. கூலியும் வண்டிச்சத்தமும் சற்றுக் கூடியிருக்கும், அவ்வளவே. தடுத்தவர்களைத் தண்டித்ததற்கோ அந்தச் சமாதானமும் கிடையாது. இவ்வளவில் சித்தப்பாவும் எங்களோடு உடன்பட்டார். நெல் விஷயத்தில் மட்டும் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை.

புளியோதரைக்குப் பிறகு மாளிகைமேடு சென்றோம். 1980 முதல் அகழ்ந்து வெளிப்படுத்திய அரண்மனையின் செங்கல் அடிச்சுவர்கள் அங்கே கிடக்கின்றன. "ராஜா எங்கே தூங்குவார்?" என்று குழந்தை கேட்க, சித்தி சற்றும் தயங்காமல் ஒரு மூலையைக் காட்டினார். ஆராய்ச்சியாளர்கள் ஒப்புவார்களோ என்னவோ, குழந்தை ஒப்புக்கொண்டது.

திரும்பும்போது அணைக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரே பிடிவாதம். கைப்பிடிச் சுவரருகே தூக்கிக் காட்டினோம். குழந்தை இம்முறை மதகுகளை எண்ணவில்லை. தண்ணீரையே உற்றுப் பார்த்துவிட்டு, "இதிலே சுவாமி செதுக்கின கல்லும் இருக்குமா, தாத்தா?" என்று கேட்டது. சித்தப்பா உடனே பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "தண்ணீர் வற்றுகிற மாதத்தில் வா, இருவருமாக இறங்கித் தேடுவோம்" என்றார்.