மாடுகள் துள்ளும் ஞாயிற்றுக்கிழமை

கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால், இரண்டு பக்கமும் வண்டிகள் ஓடும் சாலையின் நடுவே உயரமான கல்தூண் ஒன்று நிற்கிறது. அடிப்பாகத்தில் நான்கு சிலைகள். சுற்றுலா வருகிறவர்களில் பலர் அதைக் கவனிப்பதில்லை. பக்கத்திலேயே டிவோலி கேளிக்கைப் பூங்கா இருப்பதால், கால்கள் அந்தப் பக்கம் போய்விடுகின்றன.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நிலமும் ஆறு கறவை மாடுகளும் வைத்திருக்கும் தம்பதி, ஏப்ரல் மாதம் மகள் வீட்டுக்குப் போனபோது முதலில் விசாரித்தது அந்தத் தூணைத்தான்.

''ஏனுங்க மாப்பிள்ளை, இது எந்த ராசாவுக்கு வெச்ச தூணுங்க?''

''ராஜாவுக்கு இல்லீங்க மாமா. விவசாயிங்களுக்கு வெச்சது.''

மருமகன் சொன்னது சரிதான். 1733-ல் டென்மார்க்கில் ஒரு சட்டம் வந்தது. 14 வயது முதல் 36 வயது வரையுள்ள குடியானவ ஆண்கள், தாங்கள் பிறந்த பண்ணையாரின் நிலத்தைவிட்டு வெளியேறக் கூடாது. பிற்பாடு அதை 4 வயதிலிருந்து 40 வயது வரை என்று நீட்டினார்கள். பண்ணையாருக்குக் கூலியாள் வேண்டும், அரசுக்குப் படையாள் வேண்டும் என்பதுதான் காரணம். 1788-ல் சட்டம் நீக்கப்பட்டது. கடைசி ஆள் வரை விடுபட 1800 ஆயிற்று. அதன் நினைவாக எழுப்பிய 'விடுதலைத் தூண்' 1797-ல் முடிந்தது. நாட்டின் தலைநகரில், ரயில் நிலையத்து வாசலில் குடியானவனுக்கு ஒரு தூண்! பெரியவர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

கடற்கன்னி சிலையையும் பார்த்தார்கள். ஒன்றேகால் மீட்டர்தான் உயரம். ''இதுக்கா இவ்வளவு கூட்டம்?'' என்றான் ஏழு வயதுப் பேரன். கிறிஸ்டியான்ஸ்ஹவுன் துறைமுகப் பகுதியில் ஆசியக் கம்பெனியின் பழைய கட்டடம் இருக்கிறது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்த டேனிஷ்காரர்களின் வணிகம் இந்தக் கரையிலிருந்துதான் நடந்தது. நகர மண்டபத்துக்குப் பக்கத்தில், வளைந்த நீளக் கொம்பு ஊதும் இரண்டு ஆட்களின் சிலை உயரத்தில் நிற்கிறது. 'லூர்' என்கிற அந்த வெண்கலக் காலத்துக் கொம்புதான் டென்மார்க் வெண்ணெயின் அடையாள முத்திரையாக ஆனது. 'லூர்பாக்' என்ற வெண்ணெயின் பெயரும் அதிலிருந்து வந்ததே.

ஊர் சுற்றுவதில் அம்மாவுக்கு மனம் ஒட்டவில்லை. கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் மாட்டு வியாபாரி வந்து ஆறு மாட்டுக்கும் சேர்த்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார். ''வித்துடுங்கம்மா, இந்த வயசுல எதுக்குச் சாணி அள்ளணும்?'' என்று மகளும் சொல்லிக்கொண்டிருந்தாள். இருப்பது ஆறு மாடு. நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருகிறவர் அவர்தான்.

மறுநாள், நகரத்துக்கு வடக்கே லிங்பியில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய பண்ணை வீடுகள், காற்றாலைகள், குடிசைகள் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து, இங்கே அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். மனிதர் ஒரு பக்கம், மாடு மறுபக்கம், மேலே ஒரே கூரை. குளிர்காலத்தில் மாட்டின் சூடு வீட்டுக்கும் உதவும். அம்மா முதல்முறையாக நின்று நிதானமாகப் பார்த்தது இங்கேதான். தீவனத் தொட்டி எவ்வளவு உயரம், மூத்திரம் வழிந்தோடும் வாய்க்கால் எந்தப் பக்கம் சரிகிறது என்றெல்லாம் குனிந்து பார்த்தார். கூட்டுறவுக் காலத்துக் கிராமம் ஒன்றையும் இங்கே அமைத்திருக்கிறார்கள். அதிலுள்ள பால் பண்ணைக் கட்டடத்தைப் பார்த்ததும், ''நம்ம சொசைட்டி மாதிரியே இருக்கு'' என்றார்.

''அப்படின்னா முதல் சொசைட்டியையே பார்த்துடலாங்க அத்தை'' என்று மருமகன் சனிக்கிழமை காரை எடுத்தார்.

மேற்கு ஜட்லாந்திலுள்ள யெடிங் கிராமத்துக்குக் காரில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. வழியில் கடலைத் தாண்ட 18 கிலோமீட்டர் நீளத்துக்கு இணைப்புச் சாலை, அதில் ஒரு தொங்கு பாலம். அதைத் தாண்டினால் ஃபூனன் தீவு, பிறகு ஜட்லாந்து. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் சாகுபடி நிலம்தான். குளிருக்கு முன்பே விதைத்த கோதுமை முழங்கால்கூட எட்டாமல் பச்சைப் பசேலென்று பரந்து கிடந்தது. கண்ணாடியை இறக்கியதும் சாணிக் கரைசல் வாசனை அடித்தது. வயலில் பெரிய டேங்கர் வண்டி அதைப் பாய்ச்சிக்கொண்டிருந்தது. இத்தனை நாளில் தனக்குத் தெரிந்த வாசனை இதுதான் என்று அம்மா சிரித்தார்.

மேற்கே போகப் போக வயல்களின் ஓரம் மரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தப் பகுதி ஒரு காலத்தில் புதர் மண்டிய மணல் தரிசு. 1864-ல் ஜெர்மானியரிடம் தோற்று நாட்டின் தெற்குப் பகுதியை இழந்தபின், இருக்கிற நிலத்தையாவது திருத்துவோம் என்று 1866-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மணல் பறக்காமல் தடுக்க அப்போது ஆரம்பித்த மர வேலிப் பழக்கம்தான் இன்றும் தொடர்கிறது.

அடுத்த அடி 1870-களில் விழுந்தது. அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவுத் தானியம் வந்து குவிந்து, கோதுமை விலை சரிந்தது. பல நாடுகள் இறக்குமதிக்கு வரி போட்டன. டென்மார்க் விவசாயிகள் வேறு வழியில் போனார்கள். மலிவாக வந்த தானியத்தை வாங்கி மாட்டுக்குப் போட்டு, வெண்ணெயை இங்கிலாந்துக்கு விற்றார்கள்.

ஆனால், நல்ல வெண்ணெய் பெரிய பண்ணைகளில்தான் கிடைத்தது. நாலைந்து மாட்டுக்காரர் வீட்டு வெண்ணெய் நாளுக்கு ஒரு தரமாக இருக்கும், விலையும் குறையும். அந்த நேரத்தில்தான் பாலைச் சுழற்றி ஆடையைப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. எல்லார் பாலையும் ஒன்றாக ஊற்றி ஒரே தரத்தில் வெண்ணெய் எடுக்க முடிந்தது. ஆனால், இயந்திரம் வாங்க ஒருவர் பணம் போதாது. 1882-ல் யெடிங் விவசாயிகள் சேர்ந்து வாங்கினார்கள். ஊற்றிய பாலுக்கு ஏற்ப லாபம். ஆடை எடுத்த பால் திரும்ப வீட்டுக்கு. அதைக் குடித்துப் பன்றிகள் வளர்ந்தன. 1887-ல் ஹோர்சென்ஸ் நகரில் பன்றி இறைச்சிக்கும் கூட்டுறவு வந்தது.

நிர்வாகத்தில் ஓட்டு ஆளுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று இல்லை. டேனிஷ் மொழியில் 'தலைகள்' என்பதற்கும் 'மாடுகள்' என்பதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதை வைத்து 'தலைக்கணக்கில் ஓட்டு, மாட்டுக்கணக்கில் அல்ல' என்று ஒரு வழக்கே இருக்கிறது. சில ஆண்டுகளில் கிராமத்துக்குக் கிராமம் பால் கூட்டுறவு முளைத்து, எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

யெடிங் பண்ணை இப்போது நினைவுக் கட்டடம். இவர்கள் போன நேரத்தில் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததோடு சரி. அந்த வட்டாரத்துச் சாலைகளில், புகைபோக்கியோடு நிற்கும் பழைய பால் பண்ணைக் கட்டடங்கள் கண்ணில் படுகின்றன. பால் போய்ச் சேருவது இப்போது வேறெங்கோ. சின்னக் கூட்டுறவுகள் ஒன்றோடொன்று இணைந்து இணைந்து, 2000-ல் ஸ்வீடனின் கூட்டுறவோடும் சேர்ந்து 'ஆர்லா' ஆனது. அதன் சொந்தக்காரர்கள் இன்றும் விவசாயிகள்தான். ஆனால், ஏழு நாடுகளில் பரவியிருக்கிறார்கள். டென்மார்க்கில் இப்போது பால் மாடு வைத்திருப்பவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. சராசரியாக ஒரு பண்ணைக்கு இருநூறு மாடுகளுக்கு மேல்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இயற்கை வேளாண் பண்ணைகள் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கட்டிய மாடுகளை மேய்ச்சலுக்குத் திறந்துவிடும் நாள். ஏப்ரல் 15 முதல் நவம்பர் 1 வரை, நாளுக்கு ஆறு மணி நேரமாவது மாடு புல்வெளியில் இருக்க வேண்டும் என்பது அங்கே இயற்கைப் பண்ணைகளுக்கு விதி. நகரத்துக் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து கயிற்றுக்கு அப்பால் காத்திருந்தன. பகல் 12 மணிக்குக் கதவைத் திறந்தார்கள்.

முதல் மாடு வாசலில் நின்று முகர்ந்தது. அடுத்த நொடி, வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. பின்னாலேயே மொத்த மந்தையும். மடி கனத்த பெரிய மாடுகள் கன்றுக்குட்டி மாதிரி பின்னங்காலை உதறித் துள்ளின. பேரன் கைதட்டிக் குதித்தான். அம்மாவோ, ''மடியில அடிபட்டுடப் போகுது'' என்று பதறினார்.

பண்ணைக்காரரிடம் மகள் மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவருடைய தாத்தாவிடம் பன்னிரண்டு மாடுகள்; இவரிடம் நூற்றைம்பது. கறப்பது ரோபோ. வங்கிக் கடன் தலைக்கு மேல். 2030 முதல் மாட்டின் ஏப்பத்திலிருந்து வரும் மீத்தேனுக்கும் வரி என்று 2024-ல் முடிவாகியிருக்கிறது. பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஆறு மாட்டை வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா என்று அவர் திரும்பக் கேட்டார்.

''பொழைக்கிறோம்னு சொல்லு'' என்றார் அம்மா.

திரும்பும் வழியில், ஒரு வீட்டு வாசலில் ஆளில்லாத சின்னக் கடை. முட்டை, தேன், விலைச்சீட்டு, காசு போட ஒரு டப்பா. பெரியவர் முட்டை எடுத்துக்கொண்டு, சில்லறையை இரண்டு தரம் எண்ணிப் போட்டார். அம்மா காரிலிருந்தே ஊருக்குப் போன் போட்டார்.

''செவலைக்கு மடி வீக்கம் வத்திருச்சா? அந்த யாவாரி வந்தா, நான் வந்து பேசிக்கறேன்னு சொல்லு. நீ ஒண்ணும் வாக்குக் குடுத்துறாத.''