பீத்தோவனின் ஆசிரியர் நீஃபெ

பீத்தோவனின் வாழ்க்கை வரலாறுகளில் கிறிஸ்டியான் காட்லோப் நீஃபெ என்ற பெயருக்கு வழக்கமாக இரண்டு மூன்று பக்கங்கள் கிடைக்கும். குடிகாரத் தந்தை, பான் நகரத்து வறுமை, பிறகு ஒரு நல்ல ஆசிரியர், உடனே வியன்னா. கதை அங்கேதான் வேகம் பிடிக்கிறது என்பதால் வாசகரும் பக்கத்தைப் புரட்டிவிடுவார். தேயர் எழுதிய பெரிய வரலாற்றைச் சென்ற மழைக்காலத்தில் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, அதில் எடுத்துத் தரப்பட்டிருக்கும் ஓர் அரண்மனை அறிக்கை என்னை மேலே போகவிடவில்லை. 1784ஆம் ஆண்டின் அறிக்கை அது. சம்பளக் கணக்கின் மொழியில் எழுதப்பட்ட சில வரிகள்தாம். ஓர் ஆசிரியருக்கு நேரக்கூடிய மிக விசித்திரமான சங்கடம் அவ்வரிகளுக்குள் இருக்கிறது. அதற்குமுன் மனிதரைச் சற்று அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

நீஃபெ 1748இல் சாக்ஸனியின் கெம்னிட்ஸ் நகரில் ஓர் ஏழைத் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். இசையைப் பெரும்பாலும் நூல்கள் வழியாகவே கற்றார். மார்பூர்க்கும், பெரிய பாக்கின் மகனான கார்ல் பிலிப் எமானுவேலும் எழுதிய பயிற்சி நூல்களே அவருக்கு ஆசான்கள். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் படித்ததோ சட்டம். படிப்பின் முடிவில் அவர் வாதத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் சுவையானது: நாடகத்துறையில் இறங்கிய மகனுக்குத் தந்தை சொத்துரிமையை மறுக்கலாமா? கூடாது என்று வாதிட்டார். தையற்காரத் தந்தையிடம் மறுப்பதற்குப் பெரிய சொத்து இருந்திருக்காது என்பது வேறு விஷயம். சட்டத்தை அத்துடன் விட்டுவிட்டு, லைப்சிக்கில் தம்மை ஆதரித்த ஹில்லரின் வழியைப் பின்பற்றி, பேச்சும் பாட்டும் கலந்த ஜெர்மன் இசைநாடகங்களை இயற்றத் தொடங்கினார். 1776இல் ஸைலர் நாடகக் குழுவின் இசைப் பொறுப்பை ஹில்லரிடமிருந்து ஏற்றார். 1779இல் இன்னொரு குழுவுடன் பான் வந்து சேர்ந்தார்.

பான் அப்போது கொலோன் பேராயரின் தலைநகர். பேராயரே ஆட்சியாளரும். அந்தக் கத்தோலிக்க அரண்மனையின் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பதவி, 1782இல் முதியவர் வான் டென் ஈடன் இறந்ததும், புராட்டஸ்டண்டான நீஃபெவுக்குக் கிடைத்தது. அடுத்த சில நாட்களிலேயே நாடகக் குழுவுடன் அவர் மியூன்ஸ்டருக்குப் புறப்பட வேண்டியிருந்தது. ஆர்கன் முன்னால் தமக்குப் பதிலாக அவர் அமர்த்திவிட்டுப் போனது, பதினொன்றரை வயதுச் சிறுவனை. வழிபாட்டு நேரத்தில் ஒரு தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர்தான். பதவி கைக்கு வந்த சூட்டோடு அதை ஒரு மாணவனை நம்பி விட்டுச் செல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

அந்த மாணவனுக்கு அவர் தந்த மிகப் பெரிய கொடை ஒரு நூல். பாக்கின் 'வெல் டெம்பர்ட் கிளாவியர்', இருபத்துநான்கு சுருதிநிலைகளிலும் ஒரு முன்னிசையும் ஒரு ஃபியூகுமாக இரண்டு பாகங்கள். இன்று இசை பயிலும் எவரும் கடையில் வாங்கிவிடலாம். ஆனால் பாக் மறைந்து முப்பதாண்டுகள் கடந்திருந்த அந்நாளில் அது அச்சேறியிருக்கவில்லை. 1801இல்தான் அச்சில் வந்தது. அதுவரை கையெழுத்துப் படிகளாகக் கைமாறிக்கொண்டிருந்தது. லைப்சிக் பாக் வாழ்ந்து மறைந்த ஊர். அந்த மரபின் வாசனை நீஃபெவிடம் இருந்தது. மெல்லிய, இனிய, எளிதில் கைதட்டல் பெறும் இசையே விரும்பப்பட்ட காலத்தில், பல குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பின்னும் அந்தப் பழைய கடினமான இசையை அவர் ஒரு சிறுவனின் விரல்களுக்குக் கொடுத்தார். பீத்தோவனின் கடைசிக்கால சொனாட்டாக்களில் ஃபியூக் வந்து நிற்கும் இடங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பான் நகரின் நினைவு வராமல் போவதில்லை.

1782இல் மாணவனின் மாறுபாட்டுத் தொகுப்பு ஒன்றை ஊக்கத்துக்காக மான்ஹைமில் அச்சிடச் செய்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் கிராமரின் இசை இதழுக்கு எழுதிய குறிப்பில், தொடங்கியவாறே தொடர்ந்தால் இவன் இரண்டாம் மோட்ஸார்ட் ஆவான் என்றார். அப்போது மோட்ஸார்ட்டுக்கே வயது 27தான். பீத்தோவனைப் பற்றி அச்சில் வந்த முதல் பாராட்டு அதுவே என்பர்.

இனி அந்த அறிக்கை. 1784 ஏப்ரலில் பழைய பேராயர் இறந்து, பேரரசர் இரண்டாம் யோசப்பின் தம்பி மாக்ஸ் ஃபிரான்ஸ் பதவிக்கு வந்தார். சிக்கனக்காரர். நாடகக் குழு கலைக்கப்பட்டது. இசைக்கலைஞர் ஒவ்வொருவரையும் பற்றி அறிக்கை கேட்டார். நீஃபெவை நீக்கிவிடலாம் என்று பரிந்துரை வந்தது: ஆர்கனில் பெரிய தேர்ச்சியில்லை, வெளியூர்க்காரர், சமயமும் வேறு. அவர் இடத்துக்கு 150 ஃப்ளோரினுக்கே ஆள் கிடைக்கும். சிறுவன், அரண்மனைப் பாடகர் ஒருவரின் மகன், ஏறத்தாழ ஓராண்டாகத் தேவைப்பட்டபோதெல்லாம் அப்பணியை நன்றாகவே செய்திருக்கிறான்.

பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாரோ அவ்வளவுக்கு அவர் தேவையற்றவராகிவிட்டார். அறிக்கை எழுதியவரின் கணக்கில் கணக்குப்பிழை ஏதும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. நீஃபெ நீக்கப்படவில்லை. அவருடைய 400 ஃப்ளோரின் 200 ஆயிற்று. 13 வயது மாணவனுக்கு 150 ஃப்ளோரினில் வேலை. 1785 பிப்ரவரியில் பழைய சம்பளம் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களை அவர் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் ஓட்டியிருக்க வேண்டும்.

இசையமைப்பாளராக நீஃபெவை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. 1773இல் அவர் வெளியிட்ட பன்னிரண்டு சொனாட்டாக்கள் கார்ல் பிலிப் எமானுவேல் பாக்குக்குக் காணிக்கையாக்கப்பட்டவை, கிளாவிகார்டுக்கு எழுதப்பட்டவை. அடுத்த அறைக்குக்கூடக் கேட்காத மென்குரல் கருவி அது. அந்த அளவிலேயே அவை அழகு. அந்தப்புரத்தில் சிறைப்பட்ட ஐரோப்பியப் பெண்ணைப் பற்றிய அவருடைய 'அடல்ஹைட் ஃபோன் வெல்ட்ஹைம்' 1780இல் மேடையேறியது. ஈராண்டுகளில் ஏறக்குறைய அதே களத்தில் மோட்ஸார்ட் ஓர் இசைநாடகம் தந்தார். பின்னையது நின்றது.

நீஃபெ தன் முதல் முயற்சிகளை மிகக் கடுமையாகக் குறைகூறினார் என்று பீத்தோவன் நொந்துகொண்டதாக இளமை நண்பர் வெகலர் எழுதியிருக்கிறார். வியன்னா சென்றபின் அதே பீத்தோவன், தாம் பெரிய மனிதரானால் அதில் உங்களுக்கும் பங்குண்டு என்ற பொருளில் நீஃபெவுக்குக் கடிதம் எழுதினார். இரண்டும் உண்மையாக இருக்கக் கூடாதா என்ன? அக்கடிதத்தின் பகுதியை நீஃபெ 1793இல் பெர்லின் இசை இதழ் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். 1784இன் கசப்பு சிறிதேனும் மனத்தில் தங்கியிருந்தால் அவர் அதைச் செய்திருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன்.

1794இல் பிரெஞ்சுப் படைகள் பானுக்குள் நுழைந்தன. பேராயர் வெளியேறினார், அரண்மனை இசை கலைந்தது, பதவியும் போயிற்று. இரண்டாண்டுத் துன்பத்துக்குப் பின் 1796இல் டெஸ்ஸாவ் நகர நாடக அரங்கில் நீஃபெவுக்கு வேலை கிடைத்தது. 1798 ஜனவரியில், ஐம்பது வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், அங்கே காலமானார். மாணவரின் முதல் சிம்பொனி வியன்னாவில் ஒலித்தது 1800 ஏப்ரலில்.