தெருப் பேர் எழுதிய ரெக்கார்டு

பி.எட். படிப்புன்னா பாடம் படிக்கிறது பாதி, நோட்டு எழுதுறது பாதி. அது ஒரே வருஷப் படிப்பாக இருந்த காலத்தில், 1993இல், நான் சேர்ந்தேன். பாடக்குறிப்பு நோட்டு, மைக்ரோ டீச்சிங் நோட்டு, அப்சர்வேஷன் நோட்டு, சைக்காலஜி ரெக்கார்டு என்று வரிசையாக வரும். சார்ட் பேப்பருக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் எங்க அப்பா அறுப்புக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எங்க சேரியிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பொம்பளைப் பிள்ளை நான். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த நோட்டுகளில் எங்களுக்கு என்ன இடம் இருந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்வி உளவியலில் 'பிற்பட்ட குழந்தை' என்று ஒரு பாடம். ஏன் பிற்படுகிறது? சத்தில்லாத சாப்பாடு, படிக்காத பெற்றோர், வீட்டில் நல்ல சூழல் இல்லாமை, ஒழுங்காகப் பள்ளிக்கு வராமை. பத்து மார்க் கேள்வி இது. மனப்பாடம் பண்ணும்போதெல்லாம் எங்க தெருவைப் பத்தித்தான் படிக்கிறேன்னு தெரியும். அந்தப் பிள்ளையை வாத்தியார் எங்கே உட்கார வைக்கிறார், யாரைக் கூட்டிப் பெருக்கச் சொல்கிறார், யாரைத் தண்ணிப் பானை பக்கம் போகாதேங்கிறார் என்பதெல்லாம் அந்தக் காரணங்களில் கிடையாது.

கல்வித் தத்துவத் தாளில் ரூசோ, ஃபுரோபெல், டூயி, காந்தி, தாகூர், விவேகானந்தர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913இலிருந்து 1916 வரை படித்த அம்பேத்கருக்கு இந்த ஜான் டூயிதான் ஆசிரியர். 1936இல் அச்சான 'சாதி ஒழிப்பு' உரையில் டூயிக்குத் தான் மிகவும் கடன்பட்டிருப்பதாக அவரே சொல்கிறார். எங்க புத்தகத்தில் டூயிக்குப் பக்கம் பக்கமாக இருந்தது. அவருடைய மாணவருக்கு ஒரு வரி இல்லை. சாவித்திரிபாய் புலே முறையாகப் பயிற்சி எடுத்து ஆசிரியரானவர். ஜோதிராவ் புலேயோடு சேர்ந்து 1848இல் புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஆசிரியப் பயிற்சி படிக்கும் இடத்தில் அவர் பேரை யாரும் சொல்லவில்லை. வெளியே சின்னச் சின்ன தலித் பத்திரிகைகளில் படித்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

காந்தியின் 1937 வார்தா திட்டத்தை மட்டும் ரெண்டு நாள் நடத்தினார்கள். கைத்தொழில் வழியாகக் கல்வி, செய்து கற்றல். எங்க அப்பா ஏழு வயசிலேயே பண்ணைக்கு மாடு மேய்க்கப் போய், செய்து செய்தே கத்துக்கிட்டவர். அதைக் கல்வின்னு அவர் ஒருநாளும் சொன்னதில்லை. 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று கொண்டுவந்ததும், குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பி 1954இல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டதும் வகுப்பில் வரவே இல்லை.

இப்ப சைக்காலஜி ரெக்கார்டுக்கு வருகிறேன். ஜேக்கப் மொரேனோ உண்டாக்கிய முறை ஒன்று அதில் உண்டு. "யார் பக்கத்தில் உட்கார உனக்கு விருப்பம்? மூணு பேர் எழுது" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சீட்டு எழுதி வாங்கணும். பிள்ளைக்கு ஒரு வட்டம், விருப்பத்துக்கு ஒரு அம்பு என்று படம் போட்டால் அதுதான் சோஷியோகிராம். நிறைய அம்பு வந்து சேர்கிற பிள்ளை 'நட்சத்திரம்', ஒண்ணுமே வராத பிள்ளை 'தனியன்'.

டீச்சிங் பிராக்டிஸுக்கு எனக்குக் கிடைத்தது ஒரு அரசுப் பள்ளியின் எட்டாம் வகுப்பு. 42 பிள்ளைகள், அதில் காலனிப் பிள்ளைகள் 11 பேர். படத்தைப் போட்டு முடிச்சதும் வயித்தைப் பிசைஞ்சது. ஊர்ப்பிள்ளைகள் 31 பேரின் அம்பும் அவங்களுக்குள்ளேயே சுத்துது. காலனிப் பிள்ளைகளில் ஏழு பேர் ஊர்ப்பிள்ளைகள் பேரையும் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கம் போன அம்புக்கு ஒண்ணுகூடத் திரும்பி வரலை. காலனியிலிருந்து ஒரு பொண்ணு, கணக்கில் கெட்டிக்காரி, மூணு ஊர்ப்பிள்ளைகள் பேரை எழுதியிருந்தாள். அந்த மூணு பேரும் தினமும் அவள் நோட்டைப் பார்த்துத்தான் வீட்டுக்கணக்கு எழுதுவாங்க.

படத்துக்குக் கீழே 'காரணம்' என்று ஒரு இடம். சாதி என்று எழுதினேன். எங்க சார் சிவப்பு மையால் அடித்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, பாடமும் நல்லாத்தான் நடத்துவார். "இது சைக்காலஜிம்மா, இதுல அரசியல் வேணாம். கூச்ச சுபாவம், பொருத்தப்பாட்டுக் குறைபாடுன்னு எழுது" என்றார்.

"தெருப் பேர் எழுதலாமா சார்?"

"அது எழுதலாம்."

ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழேயும் எழுதினேன். கோயில் தெரு, மேலத்தெரு, கோயில் தெரு, காலனி, காலனி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரெக்கார்டைப் பார்க்க வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டிருந்தார். "நீ எந்தத் தெரும்மா?" என்று மட்டும் கேட்டார்.

2015இலிருந்து பி.எட். ரெண்டு வருஷம். அதில் 20 வாரம் பள்ளியில் இருக்கணும். சமகால இந்தியாவும் கல்வியும், உள்ளடக்கிய பள்ளி என்றெல்லாம் தாள்கள் வந்திருக்கின்றன. வேற்றுமைகள் என்ற தலைப்பில் மொழி, மதம், வட்டாரம் இவற்றோடு சாதியும் ஒரு சொல்லாக வருகிறது. வந்தவரைக்கும் நல்லதுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கணும், பி.எட். பாடத்திட்டத்தைத் திருத்தணும் என்பதும் அதில் உண்டு. உட்கார வைப்பது ஒரு நாள் வேலை. யார் பக்கத்தில் உட்கார விருப்பம் என்று கேட்டால் என்ன எழுதுவார்கள் என்பது வேறு.

நான் வேலை பார்க்கிற பள்ளிக்குப் போன வருஷம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் சோஷியோகிராம் போட்டு எடுத்து வந்தான். அதிலும் ரெண்டு கூட்டம். 'காரணம்' காலியாக இருந்தது.

"ஏம்பா எழுதலை?"

"புக்கில கூச்ச சுபாவம்னு போட்டிருக்கு மிஸ். எனக்கு அப்படித் தெரியலை."

"உனக்கு எப்படித் தெரியுது?"

ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்துதான் சொன்னான். அதையே எழுதச் சொன்னேன்.