திரும்பப் பெற்ற குப்பி

முடக்குவாதம் நம் கைவிரல்களில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. விடியற்காலைத் திருப்பலிக்கு எழும்போது விரல்கள் மடங்க மறுக்கும். பூசைப் புத்தகத்தின் தாளைப் புரட்டுவதற்கும் சற்றுப் பொறுமை வேண்டும். இவற்றிற்கெல்லாம் பழகிவிட்டோம். பழக முடியாமற் போனது வயிற்றுக்குத்தான்.

வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மறுநாள் முழுவதும் குமட்டலைத் தரும். வலிக்கென்று விழுங்கியவை இரைப்பையைப் புண்ணாக்கின. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நெஞ்சுச் சளிக்காக ஏழு நாள் உட்கொண்ட ஆன்டிபயாட்டிக்கோ, குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. ஓயாத உப்புசம், வயிற்றுப்போக்கு. ஒரு ஞாயிறன்று மறையுரையை நான்கு நிமிடத்தில் முடித்துக்கொண்டோம். மக்கள் அன்று மிகவும் மகிழ்ந்தார்கள் என்று கோவிற்பிள்ளை பின்னர் அறிவித்தார்.

அந்நாட்களில் நண்பர் ஒருவர் இரண்டு குப்பிகளைக் கொணர்ந்தார். புரோபயாட்டிக் மாத்திரைகள், உள்ளே உயிருள்ள நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் உண்டாம். "மருந்துன்னு நினைக்காதீங்க ஃபாதர், தயிர் மாதிரிதான்" என்றார். பத்தே நாளில் வயிறு அடங்கியது. நமக்கு வியப்பு, சிறிது கர்வமும் கூட.

நன்மை செய்யும் நுண்ணுயிர் என்னும் எண்ணம் நேற்று முளைத்ததன்று. பாரிஸ் நகரில் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய மெச்னிக்கோவ் என்னும் அறிஞர், பல்கேரிய நாட்டு உழவர்களின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் பருகும் புளித்த பாலே காரணம் என்று கருதி, தாமும் நாள்தோறும் அதனைப் பருகினார். 1916-இல் தம் 71-ஆம் வயதில் காலமானார். 1908-இல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் பால் எர்லிக். உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ள அஞ்சும் என்று கூறி, அதற்கு இலத்தீனில் ஒரு பெயரும் சூட்டியவர் அவர். அவர் கூற்றுக்கு எதிர்ச் சாட்சியாக நம் பத்து விரல்களும் நிற்கின்றன.

இரண்டாவது குப்பி பிரிக்கப்படாமல் இருந்தது. ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்தபின் இளம் தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருக்கு லூபஸ், நோய் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. உடல் தன்னையே தாக்கும் நோய் என்ற வகையில் அவரும் நாமும் ஒரே வீட்டார். மூன்று வாரமாக வயிறு சரியில்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் தெம்பில்லை என்றார். உள்ளே சென்று அந்தக் குப்பியை எடுத்துவந்து கொடுத்தோம். குருவானவர் கையிலிருந்து பெறுவதற்கு மருத்துவச் சீட்டு வேண்டியதில்லை என்று நம் மக்கள் எண்ணுவதை அறிந்தே கொடுத்தோம்.

பன்னிரண்டு நாள் கழித்து நம் மருத்துவரிடம் சென்றபோது, குணமடைந்த கதையை விரித்துரைத்தோம். அவர் கேட்டது ஒன்றே: "எந்த நுண்ணுயிர் ஃபாதர்?" நாம் படித்துப் பார்த்ததில்லை. பையிலிருந்து நம் குப்பியை எடுத்து நீட்டினோம். சாக்கரோமைசஸ் பூலார்டி. அது பாக்டீரியா அன்று, ஈஸ்ட் வகை. 1920-களில் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தது. பலருக்குத் தீங்கில்லாதது. ஆனால் எதிர்ப்பாற்றலை மருந்தால் பெரிதும் தணித்து வைத்திருப்பவர்களின் இரத்தத்தில் அரிதாக அது புகுந்துவிடுவதுண்டு. ஆகவே அத்தகையோருக்கு இதனைக் கொடுத்தலாகாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் அறிவித்திருக்கிறது. "உங்க மருந்தோட அளவுக்குப் பயம் குறைவு. ஆனா பலனும் உறுதியில்ல. ஆன்டிபயாட்டிக்கால வர்ற வயித்துப்போக்கு பல பேருக்குத் தானாவே நின்னுடும்" என்றார். புரோபயாட்டிக் என்பது ஒரே பொருளின் பெயரன்று, ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதம் என்றும் விளக்கினார்.

இளம் தாயைப் பற்றிச் சொன்னோம். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

பங்கு இல்லத்திற்குத் திரும்பாமல் நேரே அவர் வீட்டிற்குச் சென்றோம். நாள் ஒன்றுக்கு ஒரு மாத்திரையாக விழுங்கியிருந்தார், 18 மிச்சம். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் நின்றபாடில்லை. நாம் செய்தது தவறு, ஆராயாமல் கொடுத்துவிட்டோம் என்று திண்ணையிலேயே சொன்னோம். மாமியாருக்கு அது விளங்கவில்லை. "சாமி குடுத்தது எப்படி சாமி கெடுதல் பண்ணும்?" என்றார். முப்பது ஆண்டுக் குருத்துவ வாழ்வில் நம்மைத் தலைகுனிய வைத்த கேள்விகள் சில உண்டு. அவற்றுள் இதுவும் ஒன்று.

அன்று மாலையே அவர் தம் மருத்துவரைக் கண்டார். சோதனையில் கிருமி எதுவும் இல்லை. சிறுநீரகத்திற்காக அவர் உட்கொண்ட மைக்கோபினோலேட் என்னும் மருந்தே வயிற்றைக் கலக்கியிருக்கிறது. அளவை மாற்றிக் கொடுத்தார்கள். பத்து நாளில் சீராயிற்று. நம் குப்பி அவரைக் கெடுக்கவில்லைதான். ஆயினும், மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டியவரைப் பன்னிரண்டு நாள் வீட்டில் உட்கார வைத்தது. முந்தைய மூன்று வாரத்தோடு இதையும் கூட்டிப் பார்த்தால் உறக்கம் வருவதில்லை.

இப்போது நாம் விழுங்குபவை அனைத்தையும், மூலிகைச் சூரணம் உட்பட, ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். மருத்துவரிடம் அதனையே முதலில் நீட்டுகிறோம். வீட்டில் உறைத்த தயிருக்கு அவர் தடை சொல்லவில்லை.

சென்ற மாதம் வீடு மந்திரிக்க அத்தெருவுக்குச் சென்றபோது, மாமியார் ஒரு செம்பில் மோர் கொணர்ந்தார். நீட்டிய கையைச் சட்டென நிறுத்தி, "இதை நீங்க குடிக்கலாமா சாமி? டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றார். கேட்டுவிட்டோம் என்று சொல்லி வாங்கிப் பருகினோம். உப்புச் சற்று அதிகம்.