காவலனை நீக்கலாமா?

கல்லீரலை அறியாதார் இலர். இதயத்தைப் பாடாத புலவரும் இலர். மண்ணீரலோ பெயரளவில் மட்டுமே நம்மிடையே வழங்கும் உறுப்பாகும். இடப்புற விலா எலும்புகளின் அடியில், ஒருவர்தம் கைமுட்டியின் அளவினதாய், ஏறத்தாழ 150 கிராம் எடையுடன் அது ஒதுங்கிக் கிடக்கிறது. நோயுற்றாலன்றி அதனை நினைப்பார் எவருமிலர். அவ்வுறுப்பை வைத்துக்கொள்வதா, அறுத்து நீக்குவதா என்னும் வினா ஒருவர்முன் வந்து நின்றால், அவர் எதனைக் கொண்டு விடை காண்பார்?

பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் தமிழாசிரியை ஒருவரை 2024ஆம் ஆண்டில் அவ்வினா எதிர்கொண்டது. நோயின் தொடக்கம் அதற்கு ஈராண்டுகள் முந்தியது. இடைநிலைப்பள்ளி மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திவிட்டு எழுந்த ஒரு மாலைப்பொழுதில், தம் முன்கையில் செந்நிறப் புள்ளிகள் சிதறியிருப்பதை அவர் கண்டார். சிவப்பு மை தெறித்ததென்று எண்ணிக் கழுவினார், புள்ளிகள் போகவில்லை. மறுநாட் காலை பல் துலக்குகையில் ஈறுகளில் இரத்தம் கசிந்தது. எனினும் திருத்தவேண்டிய ஏடுகள் இன்னும் ஒரு கட்டு எஞ்சியிருந்தன. அவற்றை முடித்த பின்னரே, நான்காம் நாளில், அவர் மருத்துவமனைக்குச் சென்றார்.

அங்கே முதலில் ஐயுற்றது டிங்கிக் காய்ச்சலையே. மலேசியத் தமிழர் இல்லங்களில் 'பிளேட்லெட்' என்னும் சொல் புழக்கத்திற்கு வந்ததே டிங்கியினாலன்றோ! ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கவேண்டிய அவ்விரத்தத் தட்டுகள், ஆசிரியையின் உடலில் 6,000 மட்டுமே இருந்தன. செய்தியறிந்த அண்டை வீட்டார் பப்பாளி இலையைப் பிழிந்து சாறு கொணர்ந்தனர். ஆயின் காய்ச்சல் இல்லை. டிங்கிக்கான சோதனையிலும் ஒன்றும் புலப்படவில்லை. டிங்கியாயின் ஓரிரு வாரங்களில் மீண்டும் ஏறவேண்டிய எண்ணிக்கை, ஏறவும் இல்லை. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னர், 'ஐ.டி.பி.' எனச் சுருக்கமாக வழங்கும் நோய் இதுவென மருத்துவர்கள் துணிந்தனர்.

இந்நோயின் இயல்பை ஓர் உவமையால் விளக்கலாம். பழைய தோட்டங்களில் இரவுக் காவலுக்கு 'ஜாகா' ஒருவர் இருப்பார். உடலில் மண்ணீரல் அத்தகைய ஜாகா ஆகும். இரத்தம் அதனூடே செல்லுகையில், முதிர்ந்த செவ்வணுக்களையும் ஊடுருவிய கிருமிகளையும் அது பிடித்து அழிக்கிறது. ஐ.டி.பி. நோயில், உடல் தானே உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் நல்ல இரத்தத் தட்டுகளின்மீது பகைவர் என்னும் பொய்யான அடையாளத்தை ஒட்டிவிடுகின்றன. அடையாளத்தை நம்பிய காவலன், ஏழு முதல் பத்து நாள்வரை வாழவேண்டிய தட்டுகளைச் சில மணி நேரத்திலேயே அழித்துவிடுகிறான். குற்றம் பொய்ச்சாட்சி சொன்னவனுடையது. தண்டனையை நிறைவேற்றுபவன் காவலன்.

இவ்வுண்மையை மருத்துவ உலகம் எளிதில் அறிந்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்னும் இளம் மருத்துவர், இந்நோயுற்ற பெண்ணொருவரின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய இரத்தத் தட்டுகள் வீழ்ந்தன, வலிப்பும் கண்டது. சில நாள்களில் அவர் நலமுற்றார். தட்டுகளை அழிக்கும் பொருள் இரத்தத்திலேயே உள்ளது என்பது அவ்வாறுதான் தெளிவாயிற்று.

ஆசிரியைக்கு முதலில் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை தரப்பெற்றது. தட்டுகள் 90,000 வரை உயர்ந்தன. உடன் வேறு சிலவும் உயர்ந்தன: முகம் உப்பியது, இரத்தத்தில் சர்க்கரை ஏறியது, உறக்கம் அகன்றது. மாத்திரையைக் குறைத்தபோதெல்லாம் எண்ணிக்கை சரிந்தது. பின்னர் எல்ட்ரொம்போபேக் என்னும் மாத்திரை வந்தது. எலும்பு மச்சையைத் தூண்டி மிகுதியான தட்டுகளை உண்டாக்கச் செய்யும் அம்மருந்து விலை மிகுந்தது. பாலுடன் சேர்ந்தால் உடல் அதனை ஏற்காது. ஆதலால் காலையில் பால் கலந்த தேநீர் அருந்தும் நாற்பதாண்டுப் பழக்கத்தை அவர் மாற்றிக்கொண்டார். எனினும் சில திங்களில் எண்ணிக்கை 20,000க்கு இறங்கியது. ஒருநாள் இலக்கண வகுப்பு நடந்துகொண்டிருக்கையில் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்து சட்டென நிற்கவில்லை. முன்வரிசை மாணவி கைக்குட்டையை நீட்டியபோது, அவள் கை நடுங்கியதை ஆசிரியை கண்டார். அன்றிரவு அவரை வருத்தியது தம் நோயன்று, அந்த நடுக்கமே.

அடுத்த சந்திப்பில் மருத்துவர் அறுவையைப் பற்றிப் பேசினார். நோய் கண்டு ஓராண்டேனும் கழியுமுன் மண்ணீரலை நீக்க விரையலாகாது என்பது அமெரிக்க இரத்தவியல் கழகம் 2019இல் வெளியிட்ட நெறிமுறை. சிலர்க்கு நோய் தானே தணிவதுண்டு. இவர்க்கு ஈராண்டுகள் கடந்துவிட்டன. "செய்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை, டீச்சர். செய்யலாம் என்கிறேன். எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் அவர்.

'தெரிந்துசெயல்வகை' என்னும் 47ஆம் அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவர் அவ்வாசிரியை. அன்று அதனைத் தமக்கே நடத்தவேண்டியவரானார். வெற்றேடு ஒன்றை விரித்து, இழப்பு, வரவு, பின்விளைவு என மூன்று பத்திகள் வரைந்தார்.

வரவுப் பத்தி எளிதாக நிறைந்தது. இவ்வறுவை புதியதன்று. 1916இல் பிராகு நகரில் பால் கஸ்னெல்சன் என்னும் மருத்துவ மாணவர், தட்டுகளை அழிப்பது மண்ணீரலே எனக் கருதி, அதனை நீக்கிப் பார்க்குமாறு பேராசிரியர் ஷ்லோஃபரிடம் எடுத்துரைத்தார். நோயின் காரணம் துலங்குவதற்கு 34 ஆண்டுகள் முன்னரே அவ்வறுவை பயன் தந்தது. இன்றும் இவ்வறுவை செய்துகொள்வோருள் ஏறத்தாழ மூவரில் இருவர் மருந்தின்றி வாழும் நிலையை அடைகின்றனர். 1990களிலிருந்து வயிற்றில் சிறு துளைகளிட்டே இதனைச் செய்யும் முறையும் பரவியது.

இழப்புப் பத்தியில் மூன்றாமவர் வந்து நின்றார். காவலனை நீக்கினாலும் பொய்ச்சாட்சி உடலிலேயே இருக்கின்றான்; அவன் சொல்லைக் கேட்டுத் தட்டுகளைக் கல்லீரல் அழிக்கக் கூடும். தாம் அந்த மூன்றாமவராவாரா என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்லவல்ல சோதனை எதுவும் இல்லை. உறுப்பு போய்விடும், நோய் நிற்கும்.

சிங்கப்பூரில் பணிபுரியும் தம்பி தொலைபேசியில், "அக்கா, மூன்றில் இரண்டு பங்கு வெற்றி. இதைவிட வேறென்ன வேண்டும்?" என்றார். தாயோ, "மூன்றில் ஒன்று தோல்வி என்று அவன் ஏன் சொல்லவில்லை?" எனக் கேட்டார். இருவரும் கூறியது ஒரே கணக்குத்தான்.

தாயின் அச்சத்திற்கு வேறொரு வேரும் உண்டு. அவர் தோட்டத்தில் பிறந்து பால்மரம் வெட்டி வாழ்ந்தவர். மண்ணீரல் மலாயாத் தோட்டத் தமிழர் வரலாற்றோடு தொடர்புடைய உறுப்பு என்பது இன்று பலரும் மறந்த செய்தி. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், தோட்டத்துக் குழந்தைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்து, மண்ணீரல் வீங்கியோர் எத்தனை பேர் எனக் கணக்கிட்டே அங்கங்கே மலேரியாவின் கொடுமையை அளந்தார். வயிற்றில் கட்டி விழுந்து மாண்ட பிள்ளைகளைப் பற்றித் தம் பாட்டி சொல்லக் கேட்டவர் அத்தாய். மகளின் மண்ணீரல் வீங்கவில்லை என அறிந்ததும், "வீங்காத ஈரலை எதற்கம்மா அறுக்க வேண்டும்?" என்றார். கல்வியறிவு இல்லாதவரின் கேள்வி எனத் தள்ளத்தக்கதன்று அது. ஐ.டி.பி. நோயில் மண்ணீரல் பெரும்பாலும் வீங்குவதில்லை. உருவில் பிழையில்லாத உறுப்பைச் செயலுக்காக நீக்குவதே இவ்வறுவை.

பின்விளைவுப் பத்தியே அவரை நெடுநாள் நிறுத்தியது. மண்ணீரல் நீக்கப்பெற்ற கைக்குழந்தைகள் ஐவர்க்குக் கடுந்தொற்று நேர்ந்ததைக் கிங், ஷூமேக்கர் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1952இல் வெளியிட்டனர். பெரியவர்களிடம் அது அரிதே. ஆயினும் வாழ்நாள் முழுதும் அவ்வாய்ப்பு முற்றும் அகல்வதில்லை. காலையில் வெறுங்காய்ச்சலாகத் தோன்றுவது இரவுக்குள் உயிரைக் கொள்ளக் கூடும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோபிலஸ் வகை 'பி' ஆகிய கிருமிகளுக்கெதிரான தடுப்பூசிகளை அறுவைக்கு இரு வாரங்கள் முன்னரேனும் போட்டுக்கொள்ளல் வேண்டும். நாய் கடித்தால் காயம் சிறிதென்று இருத்தலாகாது. குரங்குகளிடமிருந்து கொசுவழிப் பரவும் மலேரியா இந்நாட்டுக் காடுகளில் இன்றும் உள்ளமையால், காட்டோரப் பயணங்களிலும் விழிப்பு வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, காய்ச்சல் கண்டால் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். நாளை என்பது கூடாது.

பத்திகள் மூன்றும் நிறைந்தன; விடை மட்டும் வரவில்லை. மீண்டும் மருத்துவரைக் கண்டபோது, "உங்கள் சொந்தத் தங்கையாக இருந்தால் என்ன சொல்வீர்கள், டாக்டர்?" என்று கேட்டார்.

மருத்துவர் சற்றே சிரித்தார். "என் தங்கை எதையும் நாளைக்குத் தள்ளுபவள். காய்ச்சல் வந்தால் இரண்டு பெனடோல் விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். அவளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் எப்படிப்பட்டவர் என்பது எனக்குத் தெரியாது, டீச்சர்."

ஆசிரியைக்குத் தெரியும். ஈறுகளில் இரத்தம் கசிந்தும் நான்கு நாள் காத்திருந்தவர் அவர். ஏடுகளின் கட்டு தம் உயிரினும் பெரிதென அன்று எண்ணியவர். அதனைக் கடமையுணர்வு என்று பிறர் புகழ்ந்தனர்; அவரும் அதனை நம்பியிருந்தார். இப்போதோ அந்த நான்கு நாள்களை அவர் பின்விளைவுப் பத்தியின் அடியில் எழுதவேண்டியதாயிற்று. ஆராய வேண்டியது மண்ணீரலை மட்டுமன்று, அதனை இழந்தபின் காவல் காக்கப்போகும் தம்மையுமே என்பது அப்போது புலனாயிற்று.

அவர் உடனே இசையவில்லை, மறுக்கவும் இல்லை. மூன்று திங்கள் தவணை கேட்டார். அக்காலத்தில் ஓரிரவு உடல் சுட்டது. வெப்பமானி 38.2 காட்டியது. மேசைமேல் தேர்வுத்தாள்கள் திருத்தப்படாமல் கிடந்தன. மண்ணீரல் இல்லாதவராகத் தம்மை எண்ணிக்கொண்டு, தாள்களை அப்படியே விட்டு, கணவரை எழுப்பி, இரவு பதினொரு மணிக்கு அவர் மருத்துவமனைக்குப் புறப்பட்டார். அங்கே இரத்தம் சோதித்து, சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று கூறி, விடியற்காலை மூன்று மணிக்கு அனுப்பிவைத்தனர். "இதற்கா இந்த அலைச்சல்?" என்றார் கணவர். ஆசிரியைக்கு நாணமும் இல்லை, சலிப்பும் இல்லை. தாள்கள் மறுநாளும் அங்கேயே இருந்தன. மாணவர் எவர்க்கும் கேடு நேரவில்லை.

அந்த வாரமே அவர் அறுவைக்கு ஒப்புதல் தந்தார்.

தடுப்பூசிகள் போட்டுக்கொண்ட நாளன்று, கைப்பையில் வைத்துக்கொள்ளச் சிறு அட்டை ஒன்றை மலாய் மொழியில் எழுதினார். தாய்க்காகத் தமிழிலும் ஒன்று எழுதினார்: 'எனக்கு மண்ணீரல் இல்லை. காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.' எழுதி முடித்ததும் ஆசிரியைக்கே உரிய ஐயம் எழுந்தது. மண்ணீரல் இன்னும் உடலில் இருக்கிறதே, 'இல்லை' என்று எழுதலாமா? குறிப்பு வினைமுற்று காலத்தை வெளிப்படையாகக் காட்டாது என்று தாம் கற்பித்தது நினைவுக்கு வர, அட்டையை அவ்வாறே விட்டார். தாய் அதனை எழுத்துக்கூட்டிப் படித்து, சாமி படத்தின் கீழே செருகி வைத்தார். அதுவே அவர்தம் இசைவு.

அறுவையின் பயன் அவரை மூவரில் எவராக ஆக்கும் என்பதை ஒப்புதல் தந்த நாளில் அவரும் அறியார், மருத்துவரும் அறியார். ஒரு முடிவின் சிறப்பு அதன் பயனால் மட்டும் அளக்கப்படுவதன்று. இழப்பையும் வரவையும் நூல்கள் சொல்லும், மருத்துவர் சொல்லுவர். பின்விளைவைத் தாங்கும் திறம் தம்மிடம் உண்டா என்பதை மட்டும் அவரவரே தம்மைச் சோதித்து அறிதல் வேண்டும். காவலனை நீக்கலாம்; நீக்குமுன், காவலுக்கு விழித்திருக்கக் கற்றிருத்தல் வேண்டும்.