டால்பின் குரலும் மாமியார் தாலாட்டும்

கடலுக்கும் கொடைக்கானலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன சீசனுக்கு என் நாத்தனார் மகள் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினாள். கடலுக்குள் கேட்கும் சத்தங்களைப் பதிவு செய்து ஆராய்வதுதான் அவள் வேலை. காபி டம்ளரோடு உட்கார்ந்தால் பேச்சு அதில்தான் போய் நிற்கும்.

தண்ணீருக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகுமாம். காற்றில் போவதைப்போல் நாலு மடங்குக்கும் மேல்! அதைக் கேட்க 'ஹைட்ரோஃபோன்' என்ற நீரடி மைக்கை இறக்குகிறார்கள்.

"கேட்டதை கம்ப்யூட்டர்ல எப்படிடி சேர்த்து வைப்பே?" என்றேன்.

"கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரிதான் அத்தை. விநாடிக்கு இத்தனை தடவைன்னு ஒலியை அளந்து எண்ணாக்கிடுவோம். புள்ளி நெருக்கமா இருந்தாத்தான் வளைவு சரியா வரும்."

ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் புள்ளி வேண்டுமாம். நம் காது 20,000 அதிர்வு வரைதான் கேட்கும், அதனால் சி.டி.யில் விநாடிக்கு 44,100 புள்ளி. டால்பினின் 'டிக் டிக்' ஒலியோ லட்சத்தையும் தாண்டும். விநாடிக்கு இரண்டரை லட்சம் புள்ளி வைத்தால், ஒரு நாள் பதிவே 40 ஜி.பி.யைத் தாண்டிவிடும்!

எம்.பி.3 ஆகச் சுருக்கினால் என்ன? கூடாதாம். மனிதக் காதுக்குத் தேவையில்லை என்று அது கழித்துவிடுவதுதான் ஆராய்ச்சிக்கு வேண்டியதாக இருக்கும். 'வேவ்' வகைக் கோப்பு எண்களை அப்படியே காப்பாற்றும். விநாடிக்கு எத்தனை புள்ளி என்ற குறிப்பும் அதன் தலைப்பிலேயே இருக்கும். அந்தக் குறிப்பு தொலைந்தால், வேகம் தெரியாமல் சுழற்றிய இசைத்தட்டின் கதிதான். தேதி, இடம், மைக் இருந்த ஆழம் எல்லாவற்றையும் தனியே எழுதியும் வைப்பார்களாம்.

எங்கள் ஊர் சூரிய ஆய்வுக்கூடம் ஞாபகம் வந்தது. 1904 முதல் எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் இன்று கம்ப்யூட்டரில் ஏறி ஆராய்ச்சிக்கு உதவுகின்றன. தேதியும் நேரமும் குறித்து வைத்த புண்ணியம்தானே!

பீரோவிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். 1986-ல் என் மகனைத் தூளியில் ஆட்டிக்கொண்டே மாமியார் பாடிய தாலாட்டு. அவர் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. ஒரு கடையில் எம்.பி.3 ஆக மாற்றித் தந்திருந்தார்கள். தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. அவள் கேசட்டிலிருந்து மறுபடி 'வேவ்' ஆக எடுத்தாள். பாட்டு மட்டுமா? நடுவில் அவர் மூச்சு வாங்குவதும், தூளிக் கயிறு உத்தரத்தில் கிறீச்சிடுவதும் கேட்டன. என் மகன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவனுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப் போகிறது.

இளந்தாய்மார்களே, குழந்தையின் மழலையைச் செல்போனில் பிடிக்கிறீர்கள் அல்லவா? 'வேவ்' வசதி இருந்தால் அதிலேயே பதியுங்கள். வாட்ஸப்பில் அனுப்பும் வீடியோ சுருங்கிப் போகும். மூலப் பதிவை அழிக்காதீர்கள். யார், எங்கே, எந்தத் தேதி என்று கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு இடங்களில் வையுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று பின்னால் கேட்கப் போகிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.