ஒரு பையில எத்தனை பேருக்குச் சாப்பாடு?

1/
மாசத்துல இரண்டாவது ஞாயிறு காலைல ஸ்டெதஸ்கோப்பை வீட்டுல வெச்சுட்டுப் போயிடுவேன். அன்னைக்கு என் வேலை பருப்பு எடை போடுறது. எங்க ஊர்ல காசநோய்க்குச் சிகிச்சை எடுக்குற ஏழைக் குடும்பங்களுக்கு நண்பர்கள் சேர்ந்து மாசாமாசம் மளிகைப் பை குடுக்குறோம். அங்க நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தித்தான் இந்தத் த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. (நோயாளியின் அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

2/
மாத்திரைதான் அரசு இலவசமா குடுக்குதே, மளிகை எதுக்குன்னு கேப்பீங்க. காசநோய்க் கிருமி உள்ள போன எல்லாருக்கும் நோய் வர்றதில்ல. பெரும்பாலானவங்க உடம்புல எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வெச்சிடும். சரியான சாப்பாடு இல்லாம உடம்பு இளைச்சா அந்தக் காவல் தளர்ந்துடும். நோய் வந்துட்டா பசி போயிடும், வேலைக்குப் போக முடியாது, வீட்டுச் சாப்பாடு இன்னும் குறையும்.

3/
பையில அரிசி வைக்கிறதில்ல, அது ரேஷன்ல கிடைச்சிடுது. தட்டுல குறையுறது புரதம். அதனால துவரம்பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, எண்ணெய், ஒரு அட்டை முட்டை (30). 100 கிராம் நிலக்கடலைல சுமார் 25 கிராம் புரதம் இருக்கு. ஒரு முட்டைல சுமார் 6 கிராம். விலை உயர்ந்த சத்துமாவு டப்பா எதுவும் தேவையில்ல.

4/
அவர் மார்க்கெட்ல மூட்டை தூக்குறவர். சிகிச்சை ஆரம்பிச்சப்போ எடை 38 கிலோ. பிஎம்ஐ 14-ஐ ஒட்டி. 18.5-க்குக் கீழ போனாலே எடை குறைவுன்னு சொல்வோம், இவர் எங்க இருந்தார்னு பாத்துக்கோங்க. ரெண்டு மாசம் பை வாங்கினார். மூணாவது மாசம் மெஷின்ல ஏறினார். 38.5.

5/
எனக்குக் கோபம். முதல் ரெண்டு மாசத்துல 5 சதவீதமாவது எடை ஏறினா இறப்பு அபாயம் வெகுவா குறையும்னு படிச்சிருக்கேன். இவருக்கு அது சுமார் 2 கிலோ. மாத்திரை ஒழுங்கா போடுறார், சளிப் பரிசோதனையும் நெகட்டிவ். வரிசைல எல்லாரும் நிக்கிறப்பவே கேட்டுட்டேன்: "என்னண்ணே, பையைக் கடைல வித்துட்டீங்களா?" நான் சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். அவர் சிரிக்கல.

6/
பக்கத்துல நின்ன அவர் மனைவிதான் பேசுனாங்க. "விக்கலங்க சார். அஞ்சு தட்டு வெச்ச வீட்டுல ஒரு தட்டுக்கு மட்டும் எப்படிங்க முட்டை வைக்கிறது? புள்ளைங்க பாத்துக்கிட்டே இருக்குங்க. அவரே எடுத்துப் பாப்பா தட்டுல வெச்சிடுறாரு."
நான் போட்ட கணக்கு ஒரு ஆளுக்கு 30 நாள். அந்த வீட்டுல புருஷன், பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, ஒரு பாட்டி. 30 முட்டை ஆறு நாள்ல முடிஞ்சிடும்.

7/
இன்னொண்ணு. கிளம்புறப்போ அந்தம்மா பையைக் காலி பண்ணி, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, மறுபடி அடுக்கிட்டுப் போனாங்க. அப்பதான் பாத்தேன். பையில "காசநோயாளிகளுக்கான உணவுப் பை"ன்னு பெருசா அச்சடிச்சிருந்தோம். அதைத் தூக்கிட்டு அந்தத் தெரு வழியா நடந்து போய்ப் பாருங்க, தெரியும்.

8/
அன்னைக்கு ராத்திரி, முன்னாடியே படிச்ச ஒரு ஆய்வை மறுபடி எடுத்தேன். ஜார்க்கண்ட்ல நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா குழு, 2023-ல லான்செட்ல வந்தது. 2,800 நோயாளிகள், அவங்க வீட்டு ஆட்கள் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பை. ஒரு பிரிவுல மட்டும் வீட்டுல உள்ளவங்களுக்கும் சேர்த்து: தலைக்கு மாசம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை. சின்னப் பிள்ளைகளுக்கு அதுல பாதி. அந்தப் பிரிவுல வீட்டு ஆட்களுக்குப் புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சுது.
படிச்சிருந்தேன். ஆனா என் வரிசைல நின்ன குடும்பத்தோட சேர்த்து யோசிக்கல.

9/
அடுத்த கூட்டத்துல, இனிமே பை குடும்பத்துக்குன்னு சொன்னேன். ஒரு நண்பர் கணக்குப் போட்டார்: "அதே காசுல 40 பை 22 ஆகும் டாக்டர். மீதி 18 பேருக்கு நீங்க போய்ச் சொல்றீங்களா?" நியாயமான கேள்வி. எடை ரொம்பக் குறைஞ்சவங்க, குழந்தைங்க உள்ள வீடுங்களுக்கு முதல்ல பெரிய பை, மத்தவங்களுக்குப் பழைய பைன்னு முடிவாச்சு. எல்லாருக்கும் பெரிய பை குடுக்க இன்னும் நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் வரிசைல சிலர் முகத்தை நேரா பாக்க முடியல.
பையில எழுத்து இல்ல. போட்டோ எடுக்குறதும் இல்ல.

10/
குடும்பத்தையே வரச் சொன்னதுல ஒரு நல்லது, எல்லாரையும் எடை பாத்து, இருமல் இருக்கான்னு கேக்க முடிஞ்சுது. அந்த வீட்டுப் பாப்பாவைப் பரிசோதிச்சதுல நோய் இல்ல. தடுப்பு மாத்திரை ஆரம்பிச்சோம். அவருக்கு ஆறு மாசச் சிகிச்சை முடியுறப்போ எடை 43 கிலோ. அன்னைக்கு அவர் கேட்ட கேள்வி: "நோய் போயிடுச்சுன்னா பை நின்னுடுமா சார்?"
இன்னும் ரெண்டு மாசம் தர்றோம்ணேன்னு சொன்னேன். அதுக்கு அப்புறம் என்னன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.

11/
நீங்க செய்யக்கூடியது:
• ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுறது இருந்தா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. பரிசோதனையும் மருந்தும் இலவசம்.
• சிகிச்சைல இருக்கவங்களுக்கு அரசு மாசம் 1,000 ரூபாய் சத்துணவுக்குத் தருது (2024 நவம்பர் முதல், முன்ன 500). வங்கிக் கணக்கு விவரம் குடுத்தாச்சான்னு கேளுங்க.
• உதவ நினைச்சா 'நிக்ஷய் மித்ரா'வா பதிவு பண்ணி ஒரு நோயாளியைக் குறைஞ்சது ஆறு மாசம் ஏத்துக்கலாம்.

12/
காசநோய்க்குன்னு இல்ல, யாருக்கு அரிசி பருப்பு குடுத்தாலும் முதல்ல ஒண்ணு கேளுங்க: "வீட்டுல எத்தனை பேருங்க?"
"நல்லா சாப்பிடுங்க"ன்னு சீட்டுல எழுதுறதுக்கு முன்னாடி நானும் இப்ப அதைத்தான் கேக்குறேன்.